கல் வைக்காத போர்வை

ஹெலிகாப்டர் வந்தால் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன். தீயணைப்பு வண்டியில் ஏறிப் போகிறவர்களில் நானும் ஒருவன்தான் என்றாலும், பெரிய விபத்து என்று வானத்திலிருந்து உதவி கேட்டுவிட்டால் அன்றைக்கு எனக்கு நெருப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. அது இறங்க இடம் பார்க்க வேண்டும். அந்த இடத்தைச் சுற்றிப் பறக்கக்கூடிய பொருள் ஒன்றுகூட இல்லாமல் செய்ய வேண்டும். பிளாஸ்டிக் பை, அட்டைப்பெட்டி, குடை, தொப்பி, துணி, எதுவும் கூடாது. இறங்கும்போது அதன் விசிறி கிளப்புகிற காற்று நாம் பழகிய காற்று இல்லை. ஒரு துணி மேலே எழும்பி அந்த விசிறியில் சிக்கினால், காப்பாற்ற வந்தவர்களையும் சேர்த்து நாங்கள் பொறுக்க வேண்டியிருக்கும்.

இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். "தொப்பியக் கழட்டுங்க, குடைய மடக்குங்க, போன உள்ள வைங்க" என்று கத்திக்கொண்டே இருப்பதால் நிலையத்தில் எனக்குக் 'காத்து' என்று பெயர். காத்து வந்தாச்சா, காத்து சாப்பிட்டாச்சா என்பார்கள். வீட்டில் என் மனைவிகூட நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், "இன்னிக்கு எந்தப் பக்கம் அடிக்குதோ" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பாள். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம்தான். அடுத்தவன் சாகக் கிடக்கும்போது போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களைக் கண்டால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியாது.

அன்றைக்குக் காலையில் ஒரு லாரி நடுத்தடுப்பை உடைத்துக்கொண்டு வந்து ஒரு பஸ்ஸின் முன்பக்கத்தில் மோதியிருந்தது. பஸ் ஒருக்களித்துக் கிடந்தது. அதன் டிரைவர் ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, நினைவோடு, "என் கால் இருக்கா, என் கால் இருக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்காகத்தான் ஹெலிகாப்டர் கேட்டிருந்தோம். அதில் படுக்க வைக்க ஒருவருக்குத்தான் இடம்.

இடம் கிடைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. சாலையின் ஒரு பக்கம் உயர் அழுத்த மின்கம்பி. மறுபக்கம் பள்ளம். சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்ததால் ஓரமெல்லாம் ஜல்லியும் புழுதி மண்ணும் குவிந்திருந்தன. இறங்கத் தோதான இடம் என்று பார்த்தால், பஸ்ஸுக்குச் சற்றுத் தள்ளி, போலீஸ் மறித்து வைத்திருந்த வெற்றுச் சாலை ஒன்றுதான். அதன் ஓரத்தில்தான் இறந்தவர்களை வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். அவர்களைத் தூக்கி வேறிடம் மாற்ற ஆள் இல்லை. எல்லாக் கையும் பஸ்ஸை வெட்டிக்கொண்டிருந்தது. அதனால் நானும், எங்களில் உயரமான ஒருவன், நெட்டை என்று கூப்பிடுவோம், அவனும் ஜல்லிக் குவியலில் இருந்து கல் பொறுக்கி வந்து ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் வைத்தோம். காற்று வந்தால் துணி எழும்பக் கூடாது. எழும்பினால் எதிரே உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் பார்க்கக் கூடாததைப் பார்ப்பார்கள்.

எதிரே, எங்கள் வண்டியை ஒட்டி, தடுப்புக் கயிறு கட்டி அதற்குப் பின்னால் அடி அதிகம் படாதவர்களை உட்கார வைத்திருந்தோம். அவர்களில் ஒரு பெண் இருந்தாள். நாற்பது வயது இருக்கும். இடது கையைத் துணியால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். மற்றவர்கள் அழுதுகொண்டும் உறைந்துபோயும் இருக்க, இவள் மட்டும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். பயந்தால் சிலருக்குப் பேச்சு நின்றுபோகும், சிலருக்கு நிற்கவே நிற்காது. கல் எடுக்க நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, அந்தக் கடைசில ஜிகினா போத்திப் படுத்திருக்கானே, அவன்தான் என் தம்பி."

ஜிகினா என்றது பளபளவென்று இருக்கும் அந்த மெல்லிய போர்வையை. உடம்புச் சூடு போய்விடாமல் இருக்க அடிபட்டவர்களுக்குச் சுற்றுவது. எங்களிலும் அதற்கு அதே பெயர்தான்.

"நர்ஸம்மா சொன்னாங்க," என்றாள். "வெள்ளைத்துணி போத்தினவங்களுக்கு உயிர் இல்ல, ஜிகினா போத்தினவங்க உயிரோட இருக்காங்கன்னு. அத கேட்டப்பறம்தான் எனக்கு உயிரே வந்துச்சு."

ஆம்புலன்ஸ் நர்ஸ் அப்படிச் சொன்னது உண்மைதான். கூட்டம் அலறியடித்துக்கொண்டு போர்வைகளைப் பிரித்துப் பார்க்க ஓடியபோது, அவர்களை அடக்குவதற்காக அப்படிச் சொன்னாள். சொன்னபோது அதில் பொய் எதுவும் இல்லை. அந்தத் தம்பியைப் பஸ்ஸில் இருந்து எடுத்தபோது மூச்சு இருந்தது. நானும் நெட்டையும்தான் தூக்கி வந்து, வேறு இடம் இல்லாமல் அந்த வரிசையின் கடைசியில் கிடத்தினோம். நர்ஸ் அவனுக்கு ஜிகினா சுற்றி, மருந்தேற்றி, நெஞ்சை அழுத்தி, செய்யக்கூடியதையெல்லாம் செய்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மாற்றிப் போர்த்த வெள்ளைத் துணி தேடினோம். தீர்ந்துவிட்டிருந்தது. ஜிகினாவையே முகம் மூட இழுத்து விட்டுவிட்டு அவள் அடுத்தவரிடம் ஓடினாள். போர்வை மாறவில்லை, அதற்குள் இருந்தவன் போய்விட்டான்.

அவனுடைய அக்காவுக்கு இது தெரியாது. எங்கள் வண்டி இடையில் நின்று மறைத்ததில், அவள் கண்ணில் பட்டது ஜிகினாவின் கால்மாடு மட்டும்தான்.

"துரை இன்னிக்குத்தான் முதல் நாள் வேலைக்குப் போறார்," என்றாள். துரை என்பது அவன் பெயர் இல்லை. ஒரு வேலை சொன்னால் நகராதவன் என்பதால் அவளாகக் கொடுத்திருந்த பட்டம். "பத்து தடவ கூப்பிட்டாத்தான் எந்திரிப்பான். இப்பகூடப் பாருங்க, ஊரே அல்லோலகல்லோலப்படுது, துரை அசையறாரா? நான்தான் கூடப் போய் விட்டுட்டு வரேன்னு கெளம்பினேன். இருபத்திமூணு வயசு, அக்கா கூட வந்தா சிரிப்பாங்கன்னு சண்டை. வெயில் அடிக்குதுன்னு முன்னாடி எடத்துல அவன உட்காரச் சொன்னேன். நான் பின்னாடி உட்கார்ந்தேன்." அங்கே கொஞ்சம் நிறுத்தினாள். "சட்டை நான் தைச்சது. தையக்கடைலதான் வேல எனக்கு. ரத்தக்கறை போகுமாண்ணா?"

"போயிடும்மா," என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இறந்துவிட்டார் என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும், எங்கள் வாயால் சொல்லக் கூடாது. அது ஒன்று. இன்னொன்று, ஹெலிகாப்டர் இறங்கும் நேரத்தில் சொந்தக்காரரிடம் எதையும் சொல்லக் கூடாது என்பது எங்களுக்குள் இருக்கும் கட்டளை. வேறொரு சாலையில், வேறொரு விபத்தில், மனைவி போய்விட்டாள் என்று கேள்விப்பட்ட ஒருவர் தலைகால் புரியாமல் எழுந்து ஓடினார். சுற்றிக்கொண்டிருந்த வால் விசிறியை நோக்கி நேராக ஓடினார். நாலு பேர் பாய்ந்து விழுந்து அமுக்கினோம். அந்த விசிறி வேகமாகச் சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது. அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். அது வந்து இறங்கித் திரும்பிப் போகும்வரை எல்லாரும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தாலும் சரி, இல்லாமல் உட்கார்ந்திருந்தாலும் சரி.

ரேடியோவில் விமானி கூப்பிட்டார். நெருங்கிவிட்டோம், தரையில் எல்லாம் கட்டியாச்சா என்று கேட்டார். வரிசையைப் பார்த்தேன். வெள்ளைத் துணிகளின் மேலெல்லாம் கல் இருந்தது. கடைசியில் கிடந்த ஜிகினா மட்டும் காலை வெயிலில் மின்னிக்கொண்டு, இருந்த சின்னக் காற்றுக்கே ஒரு ஓரம் படபடத்தது. துணியாவது கனமாக இருக்கும். இது காகிதம்போல. முதலில் பறப்பது அதுதான்.

கல்லை எடுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணா!" என்று பின்னால் இருந்து குரல். திரும்பிப் பார்த்தேன். எங்கள் வண்டியை யாரோ சற்று முன்னால் நகர்த்தியிருந்தார்கள். இப்போது அவன் தலைமாடுவரை அவள் கண்ணில் பட்டது. "அவன் மேல எதுக்குண்ணா கல்லு? அது செத்தவங்களுக்குத்தானே வெக்கறீங்க?"

ரெண்டு கையிலும் கல்லோடு நின்றேன். முட்டாள்போல அந்தக் கல்லைப் பார்த்தேன். பிறகு கீழே போட்டேன்.

"இல்லம்மா, இது வேற எடத்துக்கு."

"மூஞ்சிய ஏன் மூடி வெச்சிருக்காங்க? மூச்சு முட்டாதா அவனுக்கு?" சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள். ஹெலிகாப்டரின் சத்தம் தூரத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டது. அவள் தடுப்பைத் தாண்ட ஒரு காலைத் தூக்கினாள்.

"உட்காருங்க! வெயிலுக்கு மூடியிருக்கு. நான் திறந்து விடறேன். நீங்க அங்கயே உட்காருங்கம்மா!"

கத்தித்தான் சொன்னேன். கத்தல் எனக்குப் பழக்கம். அவள் உட்கார்ந்தாள்.

குனிந்து அவன் முகத்தைத் திறந்தேன். நல்ல முகம். நெற்றியில் சின்னக் கீறல், அவ்வளவுதான். அடியெல்லாம் உள்ளே. ஜிகினாவின் ஓரங்களைச் சுருட்டி அவன் தோளுக்கு அடியிலும் இடுப்புக்கு அடியிலும் சொருகினேன். தூங்குகிற பிள்ளைக்கு என் மனைவி சொருகுவது மாதிரி. என் பெல்ட்டைக் கழற்றி நெஞ்சைச் சுற்றிக் கட்டினேன். நெட்டையின் பெல்ட்டை வாங்கிக் காலைச் சுற்றிக் கட்டினேன். உயிரோடு இருப்பவரை ஏற்றத் தயார் செய்யும்போது இப்படித்தான் கட்டுவோம். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும். அதனால் அவனிடம் பேசவும் செய்தேன்.

"தம்பி, கொஞ்சம் காத்து அடிக்கும். பயப்படாதீங்க."

நெட்டை என்னைப் பார்த்தான். அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். எதற்கெடுத்தாலும் கேலி செய்வான். அப்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அண்ணா," மறுபடி அவள் குரல், இப்போது சத்தத்துக்கு மேலே கத்தினாள். "அவனுக்குத் தூசி ஆகாது! கண்ணுல மண்ணு விழாம பாத்துக்குங்க! எங்க கடைல ஒரு நூல் பறந்தாலே தும்ம ஆரம்பிச்சிடுவான்!"

கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு ஓடினேன். ஓடித்தான் ஆக வேண்டும். அது தலைக்கு மேலே வந்துவிட்டது.

என் இடம் அதற்கு நேர் முன்னால். காற்றுக்கு முதுகு காட்டி, ரெண்டு கையையும் உயர்த்தி, விமானியின் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். அது இறங்கி முடிக்கும்வரை திரும்பக் கூடாது. இறங்கியது. சாலை வேலைக்குக் கொட்டி வைத்த புழுதி முழுவதும் எழும்பியது. போலீஸ்காரர் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தார். நெட்டை திரும்பி நின்றான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போனைப் போட்டுவிட்டு ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்தார்கள். என் பாதுகாப்புக் கண்ணாடிமேல் மண் சரசரவென்று அடித்தது. அந்தப் போர்வைகளில் ஒன்றுகூட எழும்பவில்லை என்று பிறகு நெட்டை சொன்னான். வேலை சுத்தமாக நடந்தது. அதில் எந்தக் குறையும் இல்லை.

டிரைவரைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். "கால் இருக்குய்யா, ரெண்டும் இருக்கு" என்று எங்கள் அதிகாரி அவர் காதில் கத்தினார். கதவு மூடியது. மறுபடி காற்று, மறுபடி மண். பிறகு அது எழும்பி, சிறுத்து, சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் மிச்சம் இருந்தது.

கண்ணாடியைக் கழற்றினேன். அவள் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது தடுப்பைத் தாண்டி வந்தாள் என்று தெரியவில்லை. தலையெல்லாம் புழுதி. கண்கள் சிவந்திருந்தன. மண் பறந்தபோது அவள் கண்ணை மூடவே இல்லை என்று புரிந்தது. அடுத்த நடையில் அவனை ஏற்றுவீர்களா என்று கேட்பாள் என்று நினைத்தேன். அதற்கு ஒரு பொய்யும் தயாராக வைத்திருந்தேன்.

"எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்கண்ணா," என்றாள். சின்னக் குரலில். இவ்வளவு நேரம் பேசிய குரல் இல்லை அது. "போலீஸ்காரர், அந்த உயரமா இருக்கறவர், எல்லாரும். அவ்வளவு மண்ணு அவன் கண்ணுலயே விழுந்துச்சு. நான் பாத்துட்டே இருந்தேன். அவன் திருப்பல."

கையில் இருந்த கண்ணாடியின் மண்ணைத் துடைத்தேன்.

"தும்மவும் இல்ல," என்றாள்.

அந்த முகத்தைத் திறந்தது நான். மூடியபடியே விட்டிருந்தால் டாக்டர் வந்து, ஒரு ஓரமாக உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துச் சொல்லியிருப்பார். அவளை ஓட விடாமல் வைக்க நான் செய்த காரியம், அவளுடைய தம்பியின் சாவை அவள் கண்ணாலேயே பார்க்க வைத்துவிட்டது. அந்தக் கணத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. லாரிமேலா, தீர்ந்துபோன வெள்ளைத் துணிமேலா, கட்டளைமேலா, என்மேலா?

"எப்போ?" என்றாள்.

"அது வர்றதுக்கு முன்னாடியே."

"நீங்க அவன்கிட்ட ஏதோ பேசினீங்களே."

"பேசினேன்மா."

"என்ன சொன்னீங்க?"

"காத்து அடிக்கும், பயப்படாதீங்கன்னு சொன்னேன்."

தலையை ஆட்டினாள். ஏதோ ஒரு கணக்கு சரியாகிவிட்டது என்பதுபோல. பிறகு அவனிடம் நடந்தாள். நான் தடுக்கவில்லை. தடுக்க இனி என்ன இருக்கிறது?

பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, கட்டுப்போடாத கையால் முந்தானை நுனியை எடுத்து அவன் கண் இமையில் இருந்த மண்ணைத் துடைத்தாள். புருவத்தை, மூக்கோரத்தை, காது மடலை, முடியைத் தட்டி விட்டாள். "மூஞ்சியெல்லாம் மண்ணு. இப்படியே போனா முதல் நாளே துரத்திவிடுவாங்கடா," என்றாள். "எந்திரிடா. இன்னிக்கு ஒரு தடவதான் கூப்பிடுவேன்." ஒரு தடவை இல்லை, பல தடவை கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நிறுத்தி, அவன் எழுந்திரிக்க இடம் கொடுத்துக் கூப்பிட்டாள். நெட்டை குந்தி உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். வேலையிடத்தில் அழுதால் எனக்குப் பிடிக்காது, அடுத்தவனைத் திட்டுவேன். அன்றைக்குத் திட்ட ஆள் இல்லை.

ரேடியோ கரகரத்தது. வேறொரு ஹெலிகாப்டர் வருகிறதாம். பஸ்ஸுக்குப் பின்பக்கம் இருந்து ஒரு பெண்ணை உயிரோடு எடுத்திருந்தார்கள், அவளுக்காக. தரையைத் தயார் செய்யச் சொன்னார்கள். ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதன் சத்தத்தைக் குறைத்தேன். ஆனால் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"இன்னொண்ணு வருதா?"

"ஆமாம்மா."

"மறுபடி மண்ணு பறக்குமா?"

"பறக்கும்."

கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். சட்டைக் காலரை இழுத்து நேராக்கினாள். மேல் பட்டன் திறந்திருந்தது, ஒற்றைக் கையால் தடவித் தடவி அதைப் போட்டாள். அவளே தைத்த பட்டன். பிறகு என் பெல்ட்டை அவிழ்த்து என்னிடம் நீட்டினாள். "இது உங்களுது," என்றாள். நெட்டையின் பெல்ட்டையும் அவிழ்த்தாள். தோளுக்கு அடியில் நான் சொருகியதை உருவி, போர்வையை நெற்றிக்கு மேல்வரை இழுத்து மூடினாள். ஓரத்தை ரெண்டு மடிப்பாக மடித்துக் கையால் நீவினாள். கடையில் துணி வெட்டும் முன்னால் அப்படித்தான் நீவுவாள் போலிருக்கிறது.

"கல்லைக் குடுங்கண்ணா," என்றாள்.

ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். கால்மாட்டில் வைத்தாள். முழங்காலுக்குப் பக்கத்தில் ரெண்டு பக்கமும் வைத்தாள். இடுப்பருகே வைத்தாள். வலிக்குமோ என்பதுபோல மெதுவாக, உடம்பில் படாமல் வைத்தாள். தலைமாட்டுக்கு வந்தபோது கல் கையில் இருந்தது, கை கீழே இறங்கவில்லை. தூரத்தில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இத மட்டும் நீங்க வைங்கண்ணா. எனக்குக் கை வரல."

வாங்கி வைத்தேன்.